தரைமட்டம் வரை

பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்ட என் மகனுக்கு, அப்பா சொல்லப் பக்கத்து வீட்டுக் கமலா டீச்சர் எழுதுவது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்கிறேன், டீச்சர் அதைக் கொஞ்சம் நேராக்கி எழுதுகிறார். "நீங்க வூடுன்னு சொன்னா நான் வீடுன்னுதான் எழுதுவேன், சம்மதமா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டார். சம்மதம் என்றேன். போனில் சொன்னால் நீ பாதியில் வெட்டிவிடுகிறாய். காகிதத்தில் இருந்தால் கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறையாவது படித்துவிடுவாய் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். பெயர் போடாமல் இதைப் பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்கிறார் டீச்சர். அனுப்பட்டும். அரசாங்க வேலை எடுத்துக் கையெழுத்துப் போடுகிற பிள்ளை நீ ஒருவன் மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கடலூரிலிருந்து போன் செய்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன் பெயரிலேயே முதல் வேலை கிடைத்துவிட்டது என்றாய். அடுத்தவனுக்குக் கீழே சைட் பார்த்தே இத்தனை வருஷம் கழிந்த உனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கையைக் கழுவாமலே காதில் போனை வைத்துக்கொண்டு கேட்டேன். விருத்தாசலத்திலேயே வேலை, நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், பீங்கான் தொழிற்பேட்டைக்குள் பழைய சூளை இருந்த காலி இடத்தில் ஒரு பயிற்சிக் கூடம் கட்ட வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். அந்த இடத்தின் பெயரைச் சொன்னதும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அங்க கீழ சொரங்கம் இருக்குதுடா," என்றேன்.

"அது நம்ம ஸ்கோப்புல இல்லப்பா."

"ஸ்கோப்புன்னா?"

"நாம என்ன செய்யணும், எதுலேர்ந்து எதுவரைக்கும் செய்யணும்னு பேப்பர்ல போட்டிருக்கும். அதுக்கு வெளிய கால வெச்சா நம்ம கைக்காசுதான். நல்லது தொடங்குற நேரத்துல நீ ஏம்பா இப்படிப் பேசற?"

அதற்கு மேல் நான் சொன்னது உன் காதில் விழவில்லை. போனை வைத்துவிட்டாய். ஆனால் ஸ்கோப்பில் இல்லை என்று நீ சொன்ன அந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். அதே இடத்தில், வேறொருவர் வாயால். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நான் மேஸ்திரியாக இருந்த காலத்தில் அரசாங்க வேலை தொடங்குகிற அன்று காலையில் ஒரு வழக்கம் உண்டு. கான்ட்ராக்டர் வீட்டுக் கணக்குப்பிள்ளை வந்து மணல் குவியல் மேல் உட்கார்ந்து வேலைப் பேப்பரை வாசிப்பார். நாங்கள் சுற்றி நின்று கேட்போம். வாசிப்பதற்குக் காரணம் எங்கள் மேல் இருந்த பிரியம் இல்லை. பேப்பரில் இல்லாத வேலையை நாங்கள் அறியாமல் செய்துவிடக் கூடாது, அவ்வளவுதான். எழுதத் தெரியாதவனுக்குக் காதுதானே எல்லாம். ஒருமுறை கேட்டால் எனக்கு அப்படியே நின்றுவிடும். இன்றைக்கும் என் கையால் செய்த எந்த வேலையைக் கேட்டாலும், அதன் பேப்பர் எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்று சொல்வேன். அதனால் எனக்கு ஒரு லாபமும் இருந்ததில்லை. தூக்கம்தான் போயிருக்கிறது.

மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினோம். அந்தப் பேப்பரில் சுவர் இருந்தது, கதவு இருந்தது, நம் ஊர்ச் சூளையில் சுட்ட வெள்ளைப் பீங்கான் இருந்தது, குழாய்கூட இருந்தது. தொட்டியிலிருந்து அந்தக் குழாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற பைப் இல்லை. அது வேறு வேலை, வேறு ஆள், வேறு பேப்பர். அந்த வேறு ஆள் வரவேயில்லை. பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கதவில் பூட்டுத் தொங்கியது, உள்ளே உடைந்த பெஞ்சும் துடைப்பமும் கிடந்தன. அங்கே வேலை செய்த ஆயா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாண மண்டபம் மாதிரி கட்டிட்டுப் போயிட்டீங்க மேஸ்திரி. பொண்ணுங்க இன்னும் முள்ளுக்காட்டுக்குத்தான் போவுதுங்க." நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். எங்கள் பேப்பரில் சொன்ன எல்லாவற்றையும் நாங்கள் ஒழுங்காகச் செய்திருந்தோம். பில்லும் பாஸாகிவிட்டது. பேப்பர்படி அங்கே ஒரு கழிப்பறை இருக்கிறது.

இனி அந்தச் சூளை. மதிலுக்கு வெளியிலிருந்து புகைபோக்கியை மட்டும்தான் நீ பார்த்திருப்பாய், சூளை ஓய்ந்தபோது நீ சின்னப் பையன். இடத்தின் நடுவில் கோபுரக் கலசம்போல உருண்டையாக ஒரு சூளை. வடகிழக்கு மூலையில், மதில் ஓரமாக, உயரமான புகைபோக்கி. சூளையிலிருந்து புகைபோக்கிக்குப் புகை தரைக்கு மேலே போகாது. மண்ணுக்கு அடியில் செங்கல் வளைவு கட்டிய சுரங்கம் வழியாகத்தான் போகும். ஒரு ஆள் குனிந்துகொண்டு உள்ளே போகலாம். கரி அடைத்துக்கொண்டால் உள்ளே போய்ச் சுரண்டுவார்கள். உன் சித்தப்பன் முருகேசன், என் தம்பி, இளவட்டமாக இருந்தபோது அந்த வேலையைச் செய்தவன். உள்ளே போய்விட்டு வெளியே வந்தால் பல்லும் கண்ணும்தான் தெரியும். "அண்ணே, உள்ள நல்லா வெதுவெதுன்னு இருக்குது, மார்கழிக்கு அங்கயே குடித்தனம் வெச்சிடலாம்," என்பான்.

சூளை ஓய்ந்து பல காலம் ஆன பிறகு அதை இடிக்க அரசாங்கம் வேலை விட்டது. அந்த வேலையில் நான் மேஸ்திரி. மணல் குவியல் மேல் உட்கார்ந்து கணக்குப்பிள்ளை வாசித்தார். சூளையையும் புகைபோக்கியையும் தரைமட்டம் வரை இடித்து அகற்ற வேண்டும், இடத்திலுள்ள இடையூறுகளை அப்புறப்படுத்த வேண்டும், இடத்தைச் சமன் செய்து ஒப்படைக்க வேண்டும். பேப்பர் அவ்வளவுதான். சுரங்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் ஓவர்சியரிடம் போனேன். நல்ல மனுஷர் அவர், வெயிலில் எங்களோடு நின்றவர்.

"கீழ சொரங்கம் இருக்குதுங்களே சார், அத என்ன பண்றதுங்க?"

"தெரியும் மேஸ்திரி. எஸ்டிமேட் போட்டவரு சூளைய மேலாகப் பாத்துட்டுப் போட்டுட்டாரு. அத ஒடைச்சு மண்ணு ரொப்பணும்னு மேல எழுதியிருக்கேன். உத்தரவு வந்தா செஞ்சிடலாம்."

"வரலன்னா?"

"வரலன்னா நம்ம ஸ்கோப்புல இல்ல."

அங்கேதான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். அப்போது அர்த்தம் கேட்கவில்லை. பக்கத்தில் கல் சுமந்துகொண்டிருந்த சித்தாள் ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு, "மேல இருக்குறது கவர்மெண்டுக்கு, கீழ இருக்குறது எமனுக்குங்களா சார்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஓவர்சியர் சிரிக்கவில்லை.

ஒன்றை நீ கவனிக்க வேண்டும். அங்கே தெரியாதவர் யாருமில்லை. எனக்குத் தெரியும், ஓவர்சியருக்குத் தெரியும், கான்ட்ராக்டருக்குத் தெரியும், கூடை சுமந்தவளுக்கும் தெரியும். தெரியாதது அந்தப் பேப்பருக்கு மட்டும்தான். நாங்கள் இடித்து முடித்தோம். உத்தரவு வரவில்லை. மார்ச் முடிவதற்குள் வேலையை ஒப்படைத்தாக வேண்டும் என்றார் கான்ட்ராக்டர். சமன் செய்து ஒப்படைக்க வேண்டும் என்று பேப்பரில் இருந்தது அல்லவா, அதைச் செய்தோம். உடைந்த செங்கல்லையும் சூளைச் சாம்பலையும் பரப்பி, தண்ணீர் தெளித்து, திம்சுக்கட்டையால் இடித்து, சிமெண்டுத் தளம்போல ஆக்கினோம். சுரங்கத்தை நிரப்பச் சொல்லாத பேப்பர், அது இருக்கிற அடையாளமே தெரியாமல் மேலே மூடச் சொன்னது. அப்படித்தான் ஆகிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஓவர்சியர் மாற்றலாகிப் போனார். அவர் கேட்டதற்குப் பதில் பிறகு வந்ததாம், அடுத்த வேலையின் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளவும் என்று. அவர் இடத்துக்கு வந்தவர் அதைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வேலை மறு வருஷமே வந்தது. அதே இடத்தில் கிராவல் கொட்டிப் பரப்பிச் சுற்றி வேலி போட வேண்டும். வேறு கான்ட்ராக்டர். அவரிடம் உன் சித்தப்பன் கூலிக்குப் போனான். நான் அப்போது மங்கலம்பேட்டைப் பள்ளிக்கூட வேலையில் இருந்தேன். ஐப்பசி மழை விட்டு இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. கிராவல் ஏற்றிய டிராக்டர் உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றதாம். தரை ஈரமாக இருக்கிறதே, புதையுமோ என்று டிரைவர் கேட்டிருக்கிறார். உன் சித்தப்பன் பின்னால் நின்று கையைக் காட்டி, "தைரியமா வாய்யா. எங்க அண்ணன் நின்னு செஞ்ச எடம், கெட்டித் தரை," என்று சொன்னானாம். இதை அந்த டிரைவரே ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சுரங்கத்துக்குள் குனிந்து போய்க் கரி சுரண்டியவன் அவன். அது எங்கே ஓடுகிறது என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அது நிரம்பியிருக்கும் என்று நம்பினான். அரசாங்கம் இடித்த இடத்தில், அண்ணன் மேஸ்திரியாக இருந்த இடத்தில், கீழே வெறுமையாக விட்டிருப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? வளைவு உடைந்தது. டிராக்டரின் பின்பாதியோடு அவனும் உள்ளே போனான். கிராவல் மேலே சரிந்தது. நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்த இடத்து வேலையில் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனார் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம், சுரங்கத்தைச் சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. பேட்டை ஆபீசில் ஒரு மேசை போட்டு, இரண்டு வேலைப் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். முதல் பேப்பரை வாசித்தார்கள். தரைமட்டம் வரை என்று முடிந்தது. எங்கள் கான்ட்ராக்டர் செய்தது சரி என்றார்கள். இரண்டாவது பேப்பரை வாசித்தார்கள். தரைமட்டத்திலிருந்து என்று தொடங்கியது. அந்தக் கான்ட்ராக்டர் செய்ததும் சரி என்றார்கள். இரண்டு பேப்பரும் சரி. உன் சித்தப்பன் மட்டும்தான் தப்பு. ஒரு பேப்பர் முடிகிற இடத்துக்கும் இன்னொரு பேப்பர் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் ஒரு கோடுதான் இருக்கும் என்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். என் தம்பி முழு ஆளாக அதற்குள் போயிருந்தான்.

அதற்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பேப்பர் வந்தது. சரிந்த பகுதியைச் சரி செய்தல். இரண்டு லோடு மண் வந்தது. சரிந்த இடத்தில் மட்டும் கொட்டி மூடினார்கள். மீதிச் சுரங்கம் சரியவில்லை. அதனால் அது அந்தப் பேப்பரிலும் இல்லை. இன்றைக்கும் அது அங்கேயே இருக்கிறது, மேலே மண்டிப்போன கருவேலங்காட்டுக்கு அடியில், வடகிழக்கு மூலை வரைக்கும்.

இப்போது நான்காவது பேப்பர் உன் கையில் இருக்கிறது.

நீ படித்தவன். பேப்பரை எனக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், நீயே படித்துக்கொள்வாய். அதனால் எப்படிப் படிக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியலாம். ஆனால் பேப்பரைப் படிக்கும்போது எல்லோரும் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். நீ அதன் இரண்டு ஓரங்களையும் பார். எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது. நிற்கிற இடத்தில் அடுத்து யார் வருகிறார்கள் என்று கேள். தொடங்குகிற இடத்தில் இதற்கு முன்னால் வந்தவர்கள் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேள். ஒரு வேலையின் பேப்பரை மட்டும் தனியாகப் படித்தால் அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். முந்தைய பேப்பரையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடுவில் இருக்கிற பள்ளம் தெரியும். விசாரணையில் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முன்பே வைத்திருக்கலாம்.

இன்னொன்று. எல்லா ஒப்பந்தப் பேப்பரிலும் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருக்கும். இடத்தை நேரில் பார்த்து, அதன் தன்மையை அறிந்துகொண்டுதான் கையெழுத்துப் போடுகிறேன் என்று. கணக்குப்பிள்ளைகள் அதை வாசிக்கவே மாட்டார்கள், வழக்கமாக வருவதுதானே என்று புரட்டிவிடுவார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த வரியைத்தான் உன் முன்னால் வைப்பார்கள். தெரியாது என்று நீ சொல்ல முடியாது. உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லிவிட்டேன்.

நீ ஏன் கேட்கத் தயங்குகிறாய் என்றும் எனக்குப் புரிகிறது. மறுநாள் உன் பெண்டாட்டி போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "அவரு ராத்திரியெல்லாம் தூங்கல மாமா. எழுதிக் கேட்டா டெண்டரையே கேன்சல் பண்ணிட்டு மறுபடி விடுவாங்களாம். மறுபடி விட்டா நமக்கே கெடைக்கும்னு என்ன நிச்சயம்? வேலையத் தொடங்கிட்டு, தோண்டும்போது பாத்துக்கலாம்னு சொல்றாரு," என்றாள். அவளுடைய நகை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தோண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாயே, யார் தோண்டுவது? நீ இல்லை. மேலே ஜே.சி.பி. நிற்கும், கீழே குழிக்குள் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். அவர்களுக்கும் இங்கே வீட்டில் யாராவது இருப்பார்கள். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எழுதிக் கேட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஓவர்சியர் எழுதிக் கேட்டார், என்ன ஆயிற்று என்று பார்த்தாய். வேலை கைவிட்டுப் போகலாம். வேறொருவன் வந்து கேட்காமலே கையெழுத்துப் போடலாம். அப்போதும் அங்கே யாராவது விழுவார்கள், நாம் தடுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாமல் போகலாம். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. இவ்வளவு வயதாகியும் நான் கண்டுபிடிக்கவில்லை. என் மகன் போட்ட கையெழுத்துக்குக் கீழே ஒரு ஆள் கிடக்கக் கூடாது. அது ஒன்றுதான் என் கவலை, அதில் சுயநலமும் இருக்கிறது.

இப்போது உன் சித்தி, முருகேசன் பெண்டாட்டி. அம்மா போன பிறகு உனக்குச் சோறு போட்டு வளர்த்தவள். இன்னும் பொம்மைக் கம்பெனிக்குத்தான் போகிறாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து விரல் நுனியில் ரேகை இல்லை. பூமி பூஜையில் முதல் செங்கல்லை அவள்தான் வைக்க வேண்டும் என்று நீ அவளுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாய். என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "தாலி அறுத்தவ நல்ல காரியத்துல முன்னால நிக்கக் கூடாதுடான்னேன் மாமா. நீ வெச்சாதான் வேலையே தொடங்கும்னுட்டான் பையன்," என்றாள். பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்து வெயிலில் உலர்த்தியிருந்தாள்.

உன் மனசு எனக்குத் தெரியும். எந்த வேலை என்று அவளிடம் சொன்னாய், எந்த இடம் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. "எங்க மாமா பூஜ?" என்று கேட்டாள். நம் வழக்கப்படி முதல் கடப்பாரை எங்கே விழும்? ஈசானி மூலையில். அந்த இடத்தில் வடகிழக்கு மூலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஐயர் மந்திரம் சொல்ல, உன் சித்தி செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குனிகிற இடம் அதுதான்.

நான் அவளிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். கொடியிலிருந்த புடவையை எடுத்து மடித்தாள். பிறகு, "பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா கூப்பிட்டான்?" என்றாள். இந்த ஒரு கேள்விக்கு நீதான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதையும் எழுதணுமா என்று டீச்சர் கேட்கிறார். எழுதுங்கள் என்றேன்.

வருகிற திங்கட்கிழமை கையெழுத்து என்றாய். அதற்கு முன்னால் உன் பெயரில் ஒரு வரி எழுதி அந்த ஆபீசில் கொடு. தரைக்கு அடியில் சுரங்கம் இருக்கிறது, அதை உடைத்து நிரப்புவது யார் வேலை, என் பேப்பரில் இல்லை, பதில் வந்த பிறகுதான் தோண்டுவேன் என்று எழுது. வேலை போனால் வீட்டுக்கு வா. இருப்பதைச் சாப்பிடுவோம்.

அப்படி இல்லாமல் தொடங்கத்தான் போகிறாய் என்றால், நான் தடுத்து நிறுத்துகிற வயதில் இல்லை. ஆனால் ஈசானி மூலை வரைக்கும் நடக்கக் காலில் பலம் இருக்கிறது. பூஜையன்று விடிவதற்கு முன்பே வந்து அங்கே உட்கார்ந்துவிடுவேன். உன் சித்தியும் வருகிறேன் என்கிறாள். அந்தப் புடவையில்தான் வருவாளாம். ஜே.சி.பி. வந்து நிற்கும்போது நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருப்போம். இடத்திலுள்ள இடையூறுகளை அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு என்று உன் பேப்பரில் போட்டிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரியை மட்டும் இன்னொருமுறை படித்துப் பார்.

அப்பா.